சந்தனம் பூசிய சன்னங்கள்

வேட்டைத் துவக்கு வாங்குகிற வேலை ஒரு மத்தியானத்தோடு முடிந்துவிட்டது. அதற்குள் போடும் சன்னத்தைத் தெரிவு செய்யத்தான் எனக்கு ஒரு கோடைகாலம் முழுக்கப் போனது. கடைக்காரர் ஒன்றைக் காட்டுவார். நான் வீட்டுக்கு வந்து அதைப் பற்றி வாசிப்பேன். மனம் மாறும். திரும்பவும் போய் நிற்பேன். கடைசியில் அந்த மனிதர் என்னைக் கண்டாலே கோப்பியை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போகத் தொடங்கிவிட்டார். நான் விடவில்லை. ஒரு உயிரை எடுக்கப் போகிறவளுக்கு, எதைக்கொண்டு எடுக்கிறேன் என்றாவது தெரிந்திருக்க வேண்டாமா?

நான் ஒஸ்லோவில் ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். வீடு பியோர்ண்டாலில். வேட்டைக்குள் என்னை இழுத்துவிட்டவள் அதே ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கும் ஒரு நோர்வேக்காரி. நகரத்துக்கு வடகிழக்கே அவளுடைய குடும்பத்துக்குப் பண்ணையும் காடும் உண்டு. ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் எல்க் இறைச்சி வைத்த பாண் துண்டொன்றை எனக்கு நீட்டினாள். எல்க் என்றால் குதிரையை விட உயரமான ஒரு மான் சாதி. எங்கள் ஆட்கள் அதை மரை என்றே சொல்லிவிடுவார்கள். சாப்பிட்டுவிட்டு, "இதை நீயே சுட்டாயா, எனக்கும் பழக்குவாயா" என்று பகிடியாகக் கேட்டேன். அவள் பகிடி தெரியாதவள். அடுத்த கிழமையே வேட்டை வகுப்புக்கு என் பெயரைப் பதிந்துவிட்டு வந்து நின்றாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதில்லை.

வகுப்பில் முதலில் சொல்லித்தந்தது இரண்டு சாதிச் சன்னம் பற்றி. ஒன்று முழுக்க உலோக உறை போட்டது. மூக்கு மூடியிருக்கும். விலை குறைவு. இலக்குப் பலகையில் சுட்டுப் பழகுவதற்கு அது போதும். மற்றது உடம்புக்குள் போனதும் விரிவது. பெரிய மிருகத்தைச் சுட இந்த நாட்டில் விரியும் சன்னம்தான் போடவேண்டும் என்பது சட்டம். மூடிய மூக்குச் சன்னம் ஒரு பக்கத்தால் போய் மறுபக்கத்தால் வந்துவிடும். பட்ட மிருகம் ஓடும். எங்கேயோ ஒரு புதர்ப் பற்றைக்குள் படுத்து, நாட்கணக்கில் கிடந்து சாகும்.

விரிவதிலும் ஈயமா செம்பா என்று எனக்குள் பெரிய வழக்கு நடந்தது. அதைத் தீர்த்து வைத்தது கடைச் சுவரில் மாட்டியிருந்த ஒரு படம். ஈயச் சன்னம் பட்ட இறைச்சியின் எக்ஸ்ரே. மற்றவர்கள் பார்த்துவிட்டுப் போவார்கள். நான் அதை வாசித்தேன். காயத்திலிருந்து ஒரு சாண் தள்ளியும் உப்புத் தூவினது போல வெள்ளைப் புள்ளிகள். அதைச் சமைத்து வீட்டில் யாருக்குப் போடுவது? செம்பையே வாங்கினேன். அதன் மூக்கில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அந்த ஓட்டைதான் உள்ளே போனதும் அதை விரிய வைப்பது. நிறத்தில் பழகும் சன்னமும் அதுவும் ஒன்றுதான். ஓட்டையைப் பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும்.

எங்கே சுடுவது என்பதைத் தாதி தன் தொழுவத்தில் வைத்துக் கற்பித்தாள். காட்டில் அவள்தான் எங்கள் குழுவின் தலைவி. ஒரு பசுவைக் கட்டி வைத்து, முன்னங்காலுக்குப் பின்னால் என் கையை வைக்கச் சொன்னாள். விலா ஏறி இறங்கியது. அந்த மூச்சுத்தான் இலக்கு, தலையோ கழுத்தோ அல்ல, என்றாள். பிறகு பசுவைச் சுற்றி நடக்க வைத்தாள். நான் நின்ற ஒவ்வொரு இடத்திலும், "இப்போது நுரையீரல் எங்கே?" என்று கேட்டாள். சன்னம் உள்ளே போகும் இடத்தைப் பாராதே, வெளியே வரும் இடத்தை யோசி என்றாள். பக்கவாட்டில் நின்றால் சுடு. உன்னைப் பார்த்து நின்றால் சுடாதே. சுட்ட பிறகும் அது நின்றுகொண்டிருந்தால் விழும்வரை சுடு. எனக்கு இது கஷ்டமாக இருக்கவில்லை. மனிதருடைய நெஞ்சைக் குறுக்காகவும் நெடுக்காகவும் பார்ப்பதுதானே என் பிழைப்பு. பசுவுக்குத்தான் அலுத்துவிட்டது, என் சப்பாத்தை மிதித்தது.

வீட்டில் நிலைமை வேறு. என் கணவர் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை செய்கிறவர். சாதுவான மனிதர். குளியலறையில் சிலந்தி வந்தால் கோப்பையால் மூடி வெளியே கொண்டுபோய் விடுகிறவர். படுக்கையறை மூலையில் துவக்கு அலுமாரியை வைத்த அன்றே அதன் மேல் ஒரு துவாயைப் போட்டு மூடிவிட்டார். கண்ணில் படக்கூடாதாம். இரும்பு அலுமாரிக்குக் குளிரும் என்று பார்க்கிறீர்களோ என்று நான் நக்கலடித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஒரு பின்னேரம், நான் மேசையில் இரண்டு பெட்டியையும் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"இஞ்சேரும், உதிலை எது மரைக்கு?"

"இந்தா, ஓட்டை உள்ளது. மற்றது சும்மா பழகிறதுக்கு."

"ஓட்டை இல்லாதது பட்டால் என்ன செய்யும்?"

"உள்ளுக்காலை போயிடும். பிரயோசனமில்லை."

அவர் ஒன்றை எடுத்துக் கொஞ்ச நேரம் விரலுக்குள் உருட்டிப் பார்த்துவிட்டு வைத்தார். அவர் என் துவக்குப் பற்றிக் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். பரவாயில்லை, மனிதருக்குக் கொஞ்சம் ஆர்வம் வந்திருக்கிறது என்று நான் உள்ளுக்குள் சந்தோசப்பட்டேன்.

வேட்டைக்காலமும் நவராத்திரியும் இங்கே ஒன்றாகத்தான் வரும். எங்கள் வீட்டில் அந்த நாட்களில் மச்சம், மாமிசம் இல்லை. நான் மட்டும் காட்டுச் சப்பாத்துக்குக் கொழுப்புப் பூசிக்கொண்டு திரிந்தேன். சரஸ்வதி பூசைக்கு நாங்கள் வழக்கமாகப் புத்தகங்களைத்தான் வைப்போம். அந்த வருடம் கணவரோடு வேலை செய்யும் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் அவரைக் கிளப்பிவிட்டிருந்தார். "எங்க ஊர்ல பஸ்ஸுக்கே பொட்டு வைப்போம் சார், ஆயுத பூஜைன்னா எல்லாத்தையும் வைக்கணும்" என்றாராம். இவர் மடிக்கணினி, கார்ச் சாவி, என் ஆஸ்பத்திரி அட்டை எல்லாவற்றையும் படத்துக்கு முன் அடுக்கிவிட்டு என்னிடம் வந்தார்.

"உம்மடை சன்னத்தையும் வைப்பம்."

"துவக்கு வெளியிலை வராது. சன்னம் வேணுமெண்டால் தாறன். ஆனால் ஏனப்பா உங்களுக்கு உந்த விசர்?"

"வச்சால் நல்லம்தானே."

அலுமாரியைத் திறந்து பெட்டி இரண்டையும் கொடுத்துவிட்டு நான் குசினியில் கடலை அவிக்கப் போனேன். வந்து பார்த்தால், பெட்டியில் மரைத் தலை படம் போட்டிருக்கிறது, கொல்லப்போகிறதின் படத்தை அம்மனுக்கு முன்னால் வைக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தாம்பாளத்தில் பெட்டிக்கொரு வட்டமாக நிறுத்தியிருந்தார். நடுவில் செவ்வந்திப் பூ. ஒவ்வொரு சன்னத்தின் மூக்கிலும் சந்தனம், அதன் மேல் குங்குமம். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. பூசை முடிந்ததும் துடைத்து, ஒவ்வொரு வட்டத்தையும் அதனதன் பெட்டியில் அவரே போட்டார். நான் பக்கத்திலேயே நின்றேன். பெட்டிகளை வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். மூடியைத் திறந்து பார்க்கவில்லை.

விஜயதசமி முடிந்து வந்த சனிக்கிழமை காட்டுக்குப் போனோம். வேட்டையில் ஆளுக்கொரு இடம் தருவார்கள். நாய் விரட்டிவரும் மிருகம் அந்த வழியால் வரலாம், வராமலும் போகலாம். சத்தமில்லாமல் நிற்க வேண்டும். பேசாமல் நிற்பது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். எனக்குக் கிடைத்தது ஒரு சதுப்பு நிலத்தின் ஓரம். முன்னால் வெட்டைவெளி, அதற்கு அப்பால் ஊசியிலைக் காடு. வெளிச்சம் சரியாக வரவில்லை. கையுறையோடேயே பெட்டியிலிருந்து மூன்று சன்னத்தை எடுத்துத் துவக்கில் ஏற்றினேன்.

நன்றாக விடிந்த பிறகு தேநீர்க் குடுவையைத் திறக்கும்போதுதான் பார்த்தேன், கையுறையின் விரல் நுனியில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. மணந்து பார்த்தேன். சந்தனம். முதலில் சிரிப்பு வந்தது. பிறகுதான் யோசித்தேன். துடைத்த பிறகும் சந்தனம் ஒட்டியிருக்கிறது என்றால், ஓட்டைக்குள்ளும் காய்ந்து இறுகியிருக்கும். அடைபட்ட ஓட்டை ஒழுங்காக விரியுமா? அதைவிடப் பெரிய பயம் பின்னால் வந்தது. ஓட்டை அடைபட்டால் இரண்டு சாதியும் பார்க்க ஒன்றுதான். அந்த மனிதர் எதை எந்தப் பெட்டியில் போட்டார்?

மெதுவாக, மிக மெதுவாக, துவக்கைத் திறந்து மூன்றையும் வெளியே எடுத்தேன். மூன்றின் மூக்கும் மஞ்சள் படிந்து ஒரே மாதிரி இருந்தன. மேற்சட்டையின் உட்பக்கத்தில் நான் எப்போதும் ஒரு சட்டைப்பின் குத்தி வைத்திருப்பேன். சேலை கட்டுகிற பெண்களுக்கு அது இல்லாமல் இருக்க முடியாது, காட்டுக்குப் போனாலும் சரிதான். அதைக் கழற்றி முதலாவதின் மூக்கில் குத்தினேன். சந்தனம் உதிர்ந்தது. அடியில் மூடிய செம்பு. இரண்டாவதும் அப்படியே. கோதாரி விழுந்த வேலை. ஒரு நிமிடத்துக்கு முன்வரை அந்த முதலாவதுதான் துவக்கில் சுடத் தயாராக இருந்தது.

அந்தச் சன்னம் என்ன செய்யும் என்று நான் புத்தகத்தில் படிக்க வேண்டியதில்லை. என் கணவரின் இடது தோளுக்குக் கீழே முன்னால் ஒரு சின்னத் தழும்பும் பின்னால் ஒரு சின்னத் தழும்பும் இருக்கின்றன. போர்க்காலத்தில் ஊரைவிட்டு ஓடும்போது பட்டது. போரில் மனிதரைச் சுடுவதற்கு மூடிய மூக்குச் சன்னம்தான். விரியக் கூடாது என்று அதற்கும் உலகத்தில் சட்டம் உண்டு. அதனால்தான் அது அவருக்குள்ளால் போய்விட்டது, மனிதர் பிழைத்தார். ஆனால் ஒரு மாதம் பாயில் கிடந்து வலியில் அனுங்கியதை அவருடைய அக்கா எனக்குச் சொல்லியிருக்கிறார். அதை ஒரு மரைக்குச் செய்துவிட்டு நான் எப்படி நித்திரை கொள்வேன்?

மூன்றாவதில் பின் உள்ளே இறங்கியது. ஓட்டை. சந்தனத்தைத் துகள் துகளாகக் கிண்டி எடுத்து, ஊதி, திரும்பக் கிண்டினேன். மற்றவற்றைப் பார்க்கலாம் என்றால் பெட்டி பைக்குள், பை மரத்தடியில். எழும்பப் போன நேரத்தில் காதிலிருந்த ரேடியோவில் தலைவியின் குரல் வந்தது. நாய் ஒன்றைக் கிளப்பிவிட்டது, உன் பக்கமாக வருகிறது.

துவக்கை இறக்கிவிட்டு, என்னால் சுட முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரு கணம் வாய் திறந்தேன். ஆனால் கையில் ஒரு நல்ல சன்னம் இருந்தது. ஒன்றே ஒன்று. அதைப் போட்டு மூடினேன். மற்ற இரண்டையும் சட்டைப்பைக்குள் தள்ளினேன். மிகச் சரியாக நின்றால் மட்டும், இல்லாவிட்டால் போகட்டும் என்று எனக்கு நானே சொன்னேன்.

அது சத்தமே இல்லாமல் வந்தது. அவ்வளவு பெரிய உடம்பு எப்படி ஒரு சுள்ளியைக்கூட முறிக்காமல் வருகிறது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. இளம் ஆண். வெட்டையின் ஓரத்தில் வந்து என்னை நேரே பார்த்து நின்றது. நெஞ்சு முழுக்கத் தெரிந்தது. தொழுவத்துப் பசு ஞாபகத்துக்கு வந்தது. உன்னைப் பார்த்து நின்றால் சுடாதே. சுடவில்லை. அது காதை ஆட்டியது. திரும்படா ராசா, கொஞ்சம் திரும்பு என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

பின்னால் நாய் குரைத்தது. மரை திரும்பியது. ஆனால் முன்னங்காலை ஒரு மரம் மறைத்தது. ஒரு அடி வை. வைத்தது. மறுபக்கத்து முன்னங்காலை யோசித்தேன், சன்னம் வெளியே வரும் இடத்தை யோசித்தேன், மூச்சை விட்டேன், விரலை அழுத்தினேன்.

அது விழவில்லை. முதுகை ஒருதரம் உயர்த்திவிட்டு, ஒன்றும் நடக்காதது போல அப்படியே நின்றது. விழும்வரை சுடு. கை தானாகச் சட்டைப்பைக்குள் போய் அந்த இரண்டு மூடிய சன்னத்தையும் தொட்டது. எடுத்துப் போட எனக்குத் துணிவில்லை, போடாமல் நிற்கவும் துணிவில்லை. நான் அப்படி நிற்கும்போதே அது நடந்து, அவசரமில்லாமல், காட்டுக்குள் போய் மறைந்தது.

"சுட்டேன். விழவில்லை," என்றேன் ரேடியோவில்.

"ஏன் இரண்டாவது வெடி இல்லை?"

ரேடியோப் பொத்தானிலிருந்து விரலை எடுத்தேன். தலைவி இன்னொரு தரம் கேட்கவில்லை. அங்கேயே நில், ஒருவரும் அசைய வேண்டாம் என்று எல்லோருக்கும் சொன்னாள். உடனே பின்தொடர்ந்தால் காயப்பட்ட மிருகம் எழும்பி இன்னும் ஓடும். அதனால் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பைப் போல ஒன்றை நான் என் இரண்டு பிள்ளைப்பேற்றிலும் அனுபவிக்கவில்லை. சந்தனம் முழுக்கப் போனதா? ஓட்டையின் அடியில் மிஞ்சியிருந்தால்? அந்த மரை எங்கேயோ படுத்து அனுங்குவது எனக்குக் கேட்பது போலவே இருந்தது. கண்ணால் தண்ணீர் ஓடியது. கணவரை வாய்க்குள் ஏசித் தீர்த்தேன்.

தலைவி நாயை நீளக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்தாள். மரை நின்ற இடத்தில் குனிந்து, இரத்தத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். இளஞ்சிவப்பு, சின்னச் சின்ன நுரை. நுரையீரல்தான் என்றாள். எனக்கு மூச்சு வந்தது. ஆனால் சதுப்புக்குள் இறங்கியதும் இரத்தம் நின்றுவிட்டது. நாய் சுற்றியது, திரும்ப வந்தது, திரும்பவும் சுற்றியது. என் முழங்கால்வரை தண்ணீர். கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். கிடைக்கும்வரை தேடுவோம், அதுவரை ஒருவரும் வேறொன்றையும் சுட மாட்டார்கள் என்றாள், இதையெல்லாம் கேட்கவும் வேண்டுமா என்பது போல.

விழுந்து கிடந்த ஒரு மரத்துக்குப் பின்னால் மரை கிடந்தது. செத்திருந்தது. உடம்பில் இன்னும் ஆவி எழும்பியது. வயிற்றைத் திறந்தபோது இரண்டு நுரையீரலும் சிதைந்திருந்தன. சன்னம் விரிந்திருக்கிறது. நின்ற நிலையிலேயே அதற்குப் பாதி உயிர் போயிருக்கும், வலி நீண்டிருக்காது என்று தலைவி சொன்னாள். அப்போது நான் சட்டைப்பையிலிருந்த இரண்டையும் எடுத்து அவளுடைய கையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். அவள் ஒன்றை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

"இது என்ன வாசம்?"

"சந்தனம். கடவுளுக்கு வைத்தது."

அவள் சத்தம் போடவில்லை. இரண்டையும் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, இன்றைக்கு நீ காரில் இரு என்றாள். பின்னேரம்வரை காரில் இருந்தேன். அங்கே பெட்டி முழுவதையும் சட்டைப்பின்னைக்கொண்டு குத்திப் பார்த்தேன். பாதிக்கு மேல் மூடிய மூக்கு.

வீட்டுக்கு வரும்போது இருட்டிவிட்டது. அவர் கதவைத் திறந்து, சப்பாத்தைக் கழற்ற முன்னமே கேட்டார்.

"பட்டதோ?"

"பட்டது. உங்கடை புண்ணியத்திலை என்ரை மானம்தான் போட்டுது. எதை எந்தப் பெட்டியிலை போட்டனீங்கள்? கண் தெரியாதே உங்களுக்கு?"

அவர் திரும்பிப் போய்ச் சாய்மனையில் உட்கார்ந்தார். தொலைக்காட்சியை நிறுத்தினார்.

"தெரிஞ்சுதான் போட்டனான்."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"வட்டத்திலை அடுக்கேக்கை அதையும் இதையும் மாத்தினனான். முழுக்க மாத்த முன்னம் நீர் குசினியாலை வந்திட்டீர். எனக்குப் பட்டதும் உந்தச் சாதிதானே. உள்ளுக்காலை போட்டுது, நான் இருக்கிறன். அதுவும் ஓடித் தப்பட்டும் எண்டு நினைச்சனான். உமக்கும் சுட்ட ஆசை தீர்ந்திடும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்திவிட்டேன்.

"உங்களைச் சைக்கிள்ளை ஏத்திக்கொண்டு ஓட ஆக்கள் இருந்தவை. மருந்து கட்ட டொக்டர் இருந்தவர். அதுக்கு ஆரப்பா இருக்கினம்? அது தப்பாது. காயம் புழுத்து, காய்ச்சல் வந்து, தனியக் கிடந்து சாகும். அதைத்தான் நீங்கள் அதுக்குக் குடுக்கப் பாத்தனீங்கள்."

அவருடைய முகம் மாறிவிட்டது. நான் சொன்னதை ஒருதரமும் அவர் அப்படி யோசித்திருக்கவில்லை. பிறகு கேட்டார்.

"இண்டைக்கு உடனை விழுந்ததோ?"

"இல்லை. காட்டுக்குள்ளை போட்டுது. தேடித்தான் எடுத்தது."

"ஆர் தேடினது?"

"எல்லாரும்தான். நாயைக் கொண்டந்து."

"காணாட்டி?"

"நாளைக்கும் தேடுவினம். வெடி பட்டதைச் சும்மா விட ஏலாது. இஞ்சை அது சட்டம்."

அவர் தலையாட்டினார். கையிரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"எனக்குப் பட்ட அண்டைக்கு அண்ணாவுக்கும் பட்டது," என்றார். "அவர் பத்தைக்குள்ளை ஓடினவர். என்னை ஏத்தினவை. அவரைத் தேட ஒருதரும் திரும்பிப் போகேல்லை."

இவ்வளவு வருடம் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவருக்கு ஒரு அண்ணா இருந்தார், போரில் காணாமல் போனார் என்றுதான் எனக்குத் தெரியும். அவருக்கும் வெடி பட்டதை இவர் கண்ணால் கண்டார் என்று எனக்குத் தெரியாது. சேற்றுச் சப்பாத்தோடேயே போய் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.